டாலிகஞ்சிலிருந்து மெட்ராஸ் எவ்வளவு தூரம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கொல்கத்தாவிலிருந்து சென்னைக்கு விமானத்தில் எவ்வளவு நேரம் என்று தேடிக்கொண்டிருந்தேன். இரண்டேகால் மணி என்று வந்தது. ஒரு நல்ல தூக்கத்துக்குக்கூடக் காணாது. இந்த நேரம் கிடைக்காமல் தவித்த ஒருத்தி முன்பு இருந்திருப்பாளே என்று தோன்றியது. அவளுக்குப் பாகீரதி என்று பெயர் வைத்தேன்.

கல்கத்தாவில் அன்று பனி கொட்டிக்கொண்டு... (வேண்டாம். பனியில் தொடங்கினால் கதை நகராது.)

2

1910, டிசம்பர். பறக்கும் இயந்திரத்தைப் பார்க்க டாலிகஞ்ச் மைதானத்தில் ஊரே திரண்டிருந்தது. கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் வேலை பார்த்த பட்டாபிராமன், மனைவி பாகீரதியை அழைத்துவந்திருந்தார். துரை ஒருவன் ஏறி உட்கார்ந்ததும் அது புல்லை விட்டு எழும்பி, தென்னைகளுக்கு மேலே தும்பி மாதிரி மிதந்தது.

அப்போதுதான் பக்கத்து வீட்டு வாஞ்சிநாதன் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தார், கையில் தந்தியோடு. மெட்ராஸில் பாகீரதியின் தங்கை சாவித்ரிக்குப் பிரசவம். நிலைமை மோசம், உடனே வரவும்.

"சாயங்கால மெயிலைப் பிடிச்சா நாளன்னிக்குக் கார்த்தால போயிடலாம்" என்றார் பட்டாபிராமன்.

பாகீரதி வானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏன்னா, அது போனா?"

"எது?"

"அதுதான். மெட்ராஸுக்கு."

தண்டவாளம் வளைந்து போகிற தூரம் அவருக்குத் தெரியும். வளையாத தூரத்தை அன்றுதான் யோசித்தார். "நிக்காம பறந்தா... விடியக் கிளம்பி ராத்திரிக்குள்ள இறங்கிடலாம்."

"கேளுங்கோ."

துரைகள் கூப்பிடாமல் அவர்கள் முன்னால் வாயே திறந்தறியாத மனிதர். (இங்கே அவர் மறுப்பதாகத்தான் எழுதினேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்த வரியை அடித்துவிட்டேன்.) இயந்திரம் இறங்கியதும் தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் போனார். துரை சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு ஏதோ சொன்னான்.

"இதோ பக்கத்துல டாக்குரியா வரை போயிட்டுத் திரும்பத்தான் எண்ணெய் இருக்காம்." பட்டாபிராமன் திரும்பிவந்து சொன்னார். "மன்னிச்சுக்கச் சொன்னான்."

3

ஒரு பிரதியில் அவளைப் பறக்கவைத்தேன். கீழே ஹூக்ளி ஈரப் புடவை மாதிரி நீண்டு கிடக்க, மேகங்கள் அவள் மடியில் வந்து... (இயந்திரத்தில் ஒரே ஓர் இருக்கை. கிழித்துப்போட்டேன்.)

கிழித்த பிறகும் அவள் இறங்கவில்லை. மெயிலில் ஜன்னலோரம் கண்மூடி உட்கார்ந்திருந்தவள், பாலம் தடதடக்கும்போதெல்லாம், "இப்ப எது மேல போறோம்?" என்று கேட்டாள்.

பட்டாபிராமன் அவளைத் திருத்தவில்லை. "சிலிகா ஏரி மேல" என்றார். "தண்ணி பளபளன்னு கிடக்கு. இவ்வளவு ஒசரத்துல குளிரும், போர்த்திக்கோ."

4

தாய் மட்டும் பிழைத்து, குழந்தை மட்டும், இருவரும், இருவருமில்லாமல் என்று எல்லா முடிவையும் எழுதிப் பார்த்தேன். எதை வைக்கவும் கை வரவில்லை.

வண்டி மெட்ராஸுக்குள் நுழைகிறது. பிளாட்பாரத்தில் சாவித்ரியின் கணவன் லக்ஷ்மிநாராயணன் நிற்கிறான். பாகீரதி தூங்குகிறாள்; பட்டாபிராமன் மூட்டைகளை இறக்கக் குனிந்திருக்கிறார். நான் பேனாவை மூடிவிட்டேன்.

அவன் முகத்தை முதலில் பார்க்கப்போகிறவர் நீங்கள். பார்த்துவிட்டு, அவளை மெல்லத் தொட்டு எழுப்புங்கள்.