பட்டினி வைத்தியம்

ஆய்வுக்கூடத்து எலிகளுக்குத் தீனி வைப்பது அவள் வேலை. இடப்பக்கக் கூண்டுகளுக்கு மட்டும் மூன்று நாளாகத் தீனி குறைவு. அந்த எலிகள்தான் போதைமருந்து சொட்டும் விசையை ஓயாமல் அழுத்தின.

"பசிச்சா வயித்துல ஒரு ஹார்மோன் சுரக்கும்மா. அது மூளைக்கு ஏறி, போதை மேல வெறியக் கூட்டிடும்," என்றார் டாக்டர், சர்வசாதாரணமாக.

போதை ஊசிப் பழக்கத்தை விடாத தம்பியை அவள் வீட்டில் பூட்டி வைத்திருந்தாள். "வயிறு காய்ஞ்சாத்தான் புத்தி வரும்" என்று அம்மாவின் வாயை அடைத்து, மூன்று நாளாக அவன் சாப்பாட்டை நிறுத்தியதும் அவளேதான்.

மதியமே ஓடிவந்து, தட்டு நிறையச் சாப்பாட்டோடு கதவைத் திறந்தாள்.

தம்பி தட்டை ஏறிட்டும் பார்க்காமல் அவள் காலைப் பிடித்துக்கொண்டான். "சாப்பாடு வேணாம்க்கா. ஒரே ஒரு ஊசி."

மூன்று நாளுக்கு முன்பு அவன் அடம்பிடித்தானே தவிர, இப்படிக் காலைப் பிடித்ததில்லை.