அட்சதைக்குப் பின்னால் இரண்டு முகங்கள்

ஆவணியில் நடந்த ஒரு கல்யாணத்தில் பாண்டிமீனா எடுத்த தாலிகட்டுப் படத்தில் அட்சதை அரிசி ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்திருந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும்தான் மங்கலாகிவிட்டார்கள். பறந்து வந்த அரிசியை ஆட்டோ ஃபோகஸ் பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து, ஒத்தக்கடையில் அவளோடு சேர்ந்து ஸ்டூடியோ நடத்தும் கணவன் சூரியபிரகாஷ், தாலி கட்டும் நேரத்தில் அவளை மண்டப வாசலுக்கு அனுப்பிவிடுவான்.

இன்று திருப்பரங்குன்றத்தில் முகூர்த்தம். தாலி கட்டுவதைத் தானே எடுப்பதாகக் கிளம்பும்போதே சொல்லிவிட்டாள்.

“தப்பிப்போச்சுன்னா, இன்னொருக்கா கட்டுங்கன்னு சொல்ல முடியுமா மீனா?”

“தப்பாது. உங்கம்மாட்ட கேளுங்க, எம்புட்டு அரிசி செலவாயிருக்குன்னு.”

ஒரு மாதமாக மாமியார் முருகம்மாள், மொட்டைமாடிக் கொடியில் தொங்கிய மகனின் சட்டைகள்மேல் ரேஷன் அரிசியை வீசினார்; மருமகள் படமெடுத்தாள். ஃபோகஸைக் கையால் வைத்துவிட்டால் எவ்வளவு அரிசி பறந்தாலும் அது நகராது. லென்ஸின் துவாரமான அபர்ச்சரைக் கொஞ்சம் சுருக்கினால், முன்னும் பின்னுமாகத் தொங்கும் இரண்டு சட்டைகளும் தெளியும். ஷட்டர் வேகம் குறைந்தால் அசையும் கை படத்தில் கலங்கி இழுபடும். வெளிச்சம் போதாததற்கு ஐ.எஸ்.ஓ. என்ற ஒளியுணர்வைக் கூட்டலாம், ரொம்பக் கூட்டினால் படம் புள்ளி தட்டும்.

மேடையில் எல்லாவற்றையும் சரியாக வைத்தாள். சூரியபிரகாஷ் பேட்டரி மாற்றிக் கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விளக்கைப் பிடித்தபடி ஓரமாக நின்றான்.

கெட்டிமேளம் முழங்கியது. முதல் கை அரிசி பறந்ததுமே, பெண்ணின் முகத்தில் இருந்த ஃபோகஸ் கட்டம் துள்ளி அரிசிக்குத் தாவியது. யாரோ ஆட்டோவுக்கு மாற்றியிருக்கிறார்கள். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போடத் தொடங்கிவிட்டான். அடுத்த முடிச்சுக்குப் பெண்ணின் நாத்தனார் குனிந்தால் இருவரையும் மறைத்துவிடுவாள்.

பாண்டிமீனா கண்ணை எடுக்கவில்லை. இடது கட்டைவிரலால் லென்ஸின் பக்கவாட்டில் இருந்த சுவிட்சைத் தேடித் தள்ளினாள். பெண்ணின் நெற்றிக் குங்குமம் கூராகும்வரை வளையத்தைத் திருகினாள். அழுத்தினாள்.

நாத்தனார் குனிந்தாள்.

சூரியபிரகாஷ் வந்து திரையைப் பெரிதாக்கிப் பார்த்தான். மஞ்சள் பொட்டுகளாய்க் கரைந்த அரிசிக்குப் பின்னால் இரண்டு முகங்கள். பெண்ணின் இமையில் நின்ற ஈரம்கூடத் தெரிந்தது.

“நாந்தான் ஆட்டோல போட்டேன். உனக்கு ஒத்தாசையா இருக்கும்னு.”

“தெரியும். இனிமே என் கேமராவத் தொடாதீங்க.”

அவன் சிரித்துக்கொண்டே விளக்கைத் தூக்கினான். “சரி. எங்கிட்டு நிக்கணும், சொல்லு.”