ஓர் ஆளுக்கு இடம்

பவுல்சாமி இறந்த அன்று கோட்டூர்புரத்தில் அவர்கள் வீட்டுக் கீழ்த்தளம் முழுக்க ஆற்றுத் தண்ணீர். இன்சுலின் தீர்ந்துபோயிருந்தது. போன் இல்லை, கரண்ட் இல்லை. மனைவி கிளாடிஸ் ஜெபமாலையை அவர் விரல்களில் சுற்றிவிட்டு, மொட்டை மாடிக்குப் போய் ஒரு சிவப்புத் துண்டை ஆட்டினாள். மீட்புப் படகுகள் வந்தன. "உயிரோட இருக்கறவங்கள முதல்ல எடுத்துடறோம்மா" என்று சொல்லிவிட்டுப் போயின. அவள் அவர்களோடு போக மறுத்துவிட்டாள். முப்பத்தைந்து வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை என்று அவளுக்கும் தெரியும்.

மறுநாள் காலை ரகுபதி வந்தான். சீனிவாசபுரத்து மீனவன். கழிமுகத்தில் வலை போடும் சின்ன ஃபைபர் படகு, எஞ்சின் கிடையாது. அவனும் அவன் மச்சான் பாலுவும் துடுப்புப் போட்டுத் தெருத்தெருவாகப் போய் மாடிகளிலிருந்து ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"பாடி கீதாம்மா உள்ள?" என்று கேட்டான். மீட்புப் படகுக்காரர்கள் அவனிடம் சொல்லியிருந்தார்கள். "குவிபிள் ஐலண்டு கல்லறைதானே உங்களுக்கு? அது எங்க வூட்டாண்டதான். குந்தும்மா, இட்டுக்கினு போறேன்."

கட்டில் பலகையில் பவுல்சாமியை வைத்து, போர்வை சுற்றி, அதன்மேல் தார்ப்பாய் கட்டி இறக்கினார்கள். படகின் நடுவில் அவரைக் கிடத்தியபிறகு கிளாடிஸ் உட்காரக் கால்மாட்டில் கொஞ்சம் இடம் இருந்தது. தூறிக்கொண்டிருந்தது. அவள் குடையைத் தனக்குப் பிடிக்காமல் அவர்மேல் பிடித்திருந்தாள்.

நான்கு தெரு தாண்டியிருப்பார்கள். ஒரு பால்கனியிலிருந்து ஒருவர் கத்தினார்.

"ஏ தம்பி! நில்லுங்க! என் வீட்டுக்காரிக்கு மூச்சு முட்டுது, ஐயா!"

அவர் பெயர் பொன்ராஜ். தி.நகரில் ஜவுளிக்கடை. வெள்ளம் வந்த இரவு மாடிப்படியில் வழுக்கி வலது கால் உடைந்திருந்தது. துணி அளக்கும் கெஜக்கோலை முழங்காலோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு தரையில் இழுத்து இழுத்து நகர்ந்தார். அவருக்குப் பின்னால் நாற்காலியில் அவர் மனைவி ஸ்வர்ணலதா. முகம், கை, கால் எல்லாம் வீங்கி, வாயைத் திறந்து மூச்சை வாங்கிக்கொண்டிருந்தாள்.

"வாரத்துக்கு மூணு டயாலிசிஸ். ரெண்டு போச்சு" என்றார் பொன்ராஜ். "அடையார்ல ஆஸ்பத்திரி ஓடுதாம். பக்கத்து வீட்டுப் பையன் ரேடியோவுல கேட்டு நேத்து சொன்னான். நேத்து ஒரு போட்டு வந்துச்சு. என்ன விட்டுட்டுப் போகமாட்டேன்னுட்டா."

ரகுபதி படகைப் பார்த்தான். பிறகு கிளாடிஸைப் பார்த்தான். "ஒரு ஆளுதாம்மா ஏத்தலாம். அதுவும்..."

"அதுவும் இவரை இறக்கினாத்தான்" என்றாள் கிளாடிஸ்.

தார்ப்பாயின்மேல் தூறல் விழும் சத்தம் கேட்டது. தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மிதந்து போயிற்று. கிளாடிஸ் தார்ப்பாயின்மேல், அவர் பாதம் இருக்கும் இடத்தில், கையை வைத்தபடி இருந்தாள். இந்த மனிதனை இரண்டாம் முறையாக யாரோ பின்னுக்குத் தள்ளுகிறார்கள். இந்த முறை அவளே தள்ள வேண்டும்.

"அவங்களால தனியா உக்கார முடியுமா?" என்று கேட்டாள்.

"முடியாதும்மா. யாராச்சும் பின்னால பிடிச்சுக்கிடணும். படுத்தா மூச்சு நின்னுரும்."

"அப்ப நான் கூடப் போறேன். நீங்க இவரைப் பாத்துக்குங்க."

பொன்ராஜ் தார்ப்பாயைப் பார்த்தார். அப்போதுதான் அதற்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. கை இரண்டையும் கூப்பினார். "பேரு என்னம்மா இவுகளுக்கு?"

"பவுல்சாமி."

"என் கூடப்பொறந்த அண்ணன் மாதிரி பாத்துக்கிடுதேன்."

பவுல்சாமி பால்கனி வழியாக அந்த வீட்டுக் கூடத்துக்குள் போனார். ஸ்வர்ணலதா படகுக்கு வந்தாள். பாலுவும் ரகுபதியும் அவளைத் தூக்கி இறக்கும்போது படகு ஒருபக்கம் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. கிளாடிஸ் முதுகைப் படகோரத்தில் முட்டுக்கொடுத்து, அவளைத் தன் மார்போடு சாய்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

ஆற்றுக்குள் இறங்கியதும் வானம் இருண்டு மழை கொட்டியது. கோட்டூர்புரம் பாலத்துக்கு முன்னால் ரகுபதி படகை நிறுத்தினான். பாலத்தின் அடிக்கும் தண்ணீருக்கும் நடுவே குனிந்து போகக்கூட இடமில்லை. பாலத்தின் இரண்டு பக்கமும் ரோடு மூழ்கி, இழுவையில் ஒரு கார் புரண்டுகொண்டிருந்தது. இறங்கி நடக்கவும் வழியில்லை.

"கடல்ல வத்தம் வந்துகினு கீது, தண்ணி உள்வாங்குது. ஆறு கொஞ்சம் எறங்கும். எறங்கினதும் பூந்துடலாம்" என்றான்.

கரையோரத்துத் தூங்குமூஞ்சி மரத்தில் கயிற்றைக் கட்டிக் காத்திருந்தார்கள். கிளாடிஸ் குடையை ஸ்வர்ணலதாவின் தலைக்குமேல் பிடித்திருந்தாள்.

"அக்கா" என்றாள் ஸ்வர்ணலதா. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்கினாள். "ஃப்ரிட்ஜ்ல மாவு... புளிச்சிருக்கும். அவுக... அதத்தான் தின்பாக. கொட்டச் சொல்லுங்க."

"நீங்களே சொல்லலாம். நாளைக்கு."

"உங்க வீட்டுக்காரரு... நல்லவுகளா?"

கிளாடிஸ் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "கோவக்காரர். ஆனா நல்லவர்."

ஸ்வர்ணலதா சிரிக்கப் பார்த்தாள்.

மழை நின்றது. பளீரென்று வெயில் வந்து சேற்றுத் தண்ணீர் முழுக்கக் கண் கூசியது. பாலத்தின் அடியில் ஈரக்கோடு ஒன்று தெரிய ஆரம்பித்து, மெல்ல அகலமானது. ரகுபதி கயிற்றை அவிழ்த்தான். "எல்லாரும் படுத்துக்கணும். தலை தூக்கினா போச்சு. டீச்சரம்மா, அவங்களையும் அமுக்கிப் புடி."

"அவங்களால படுக்க முடியாதுப்பா."

"கொஞ்ச நேரந்தாம்மா. பத்து எண்றதுக்குள்ள வெளிய வந்துடுவோம்."

இழுவை படகைப் பிடித்துக்கொண்டது. கிளாடிஸ் ஸ்வர்ணலதாவைத் தன்மேல் சாய்த்தபடி மல்லாந்தாள். கான்கிரீட் உத்தரம் முகத்துக்கு ஒரு முழம் மேலே ஓடியது. ஸ்வர்ணலதா துள்ளினாள். மூச்சுக்காக எழப் பார்த்தாள். கிளாடிஸ் அவள் நெற்றியை இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்தாள். "இதோ, இதோ, ஆயிடுச்சு" என்று காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். இருட்டில் படகு எதிலோ உராய்ந்து நின்றது. பாலு காலால் உத்தரத்தை உதைத்துத் தள்ளினான். மறுபடி நகர்ந்தது.

வெளியே வந்ததும் கிளாடிஸ் அவளை நிமிர்த்தி உட்கார வைத்தாள். தலை ஒருபக்கமாகத் தொங்கியது. வாயோரம் நுரை. கன்னத்தைத் தட்டினாள், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், மார்பை அழுத்தினாள்.

ரகுபதி துடுப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். "டீச்சரம்மா."

"போ. நிறுத்தாத. ஆஸ்பத்திரிக்குப் போ."

பறக்கும் ரயில் பாலத்தைத் தாண்டினார்கள். திரு.வி.க. பாலத்தருகே கரையேறி, பாலுவும் ரகுபதியும் அவளைத் தூக்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் ஓடினார்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒரு இளம் டாக்டர் நாடியைப் பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்தார், இல்லை என்று தலையை ஆட்டினார். "மெஷின் ஃப்ரீயாத்தான் இருக்கு" என்று தன்னையறியாமல் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

மாலையில் கடலில் ஏற்றம் வந்து ஆற்றின் இழுவை தணிந்தது. ரகுபதி திரும்பப் போகத் தேவையில்லை. ஆனாலும், ஸ்வர்ணலதாவை ஆஸ்பத்திரியிலேயே வைத்துவிட்டு, கிளாடிஸை ஏற்றிக்கொண்டு போனான். பாலத்தடியில் போகாமல், மூழ்கிய ரோட்டு வழியாக, காம்பவுண்டுச் சுவர்களையும் மரக்கிளைகளையும் பிடித்துப் பிடித்துப் படகை மேலே இழுத்தார்கள். வழியெல்லாம் வெயில், பிறகு தூறல், மறுபடி வெயில். சொல்ல வேண்டியதைக் கிளாடிஸ் மனத்துக்குள் பலவிதமாகச் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் சரியாக இல்லை.

பொன்ராஜ் பால்கனியிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே பவுல்சாமியின்மேல், கடையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த புது வேட்டி ஒன்று மடிப்புக் கலையாமல் விரித்திருந்தது. தலைமாட்டில் மெழுகுவத்தி எரிந்தது.

"வந்துட்டியளா? மெஷின்ல போட்டுட்டாகளா?"

கிளாடிஸ் படகில் எழுந்து நின்று பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "இல்ல ஐயா. பாலத்தடியில போயிட்டாங்க. படுத்தாத்தான் போக முடியும்னு... நான்தான் அவங்க தலையை அமுக்கிப் பிடிச்சிருந்தேன்."

அவர் அவளையே பார்த்தார். கெஜக்கோலின் முனையைத் தடவிக்கொண்டே இருந்தார். "ஏதும் சொன்னாளா?" என்றார்.

"ஃப்ரிட்ஜ்ல இருக்கற மாவை நீங்க தின்னக்கூடாதாம். கொட்டச் சொன்னாங்க."

"மத்தியானம் அதைத்தான் சுட்டுத் தின்னேன்" என்றார். அதன்பிறகுதான் அவர் உடம்பு குலுங்கியது. சத்தம் வரவில்லை. கிளாடிஸ் பால்கனி ஏறி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

ரகுபதி கீழேயிருந்து கேட்டான், "பாடிய ஏத்திடட்டாம்மா? வெளிச்சம் கீது."

கிளாடிஸ் உள்ளே கிடந்தவரைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாள். "இவரைத் தனியா விட முடியாதுப்பா. நாளைக்கு எஞ்சின் படகு கிடைக்குமா பாரு."

கிடைத்தது. மறுநாள் காலை, பெரிய படகில் பொன்ராஜை நாற்காலியோடு இறக்கினார்கள். பவுல்சாமியைக் குவிபிள் ஐலண்டில் அடக்கம் செய்தபோது மழை குழியில் தேங்கி நின்றது. இரண்டு பேர் பக்கெட்டில் தண்ணீரை மொண்டு ஊற்றிய பிறகுதான் பெட்டியை இறக்க முடிந்தது. கிளாடிஸ் அங்கிருந்து வீட்டுக்குப் போகவில்லை. போக வீடும் இல்லை. சேறு படிந்த சேலையோடு, ஸ்வர்ணலதாவை எரிக்கவிருந்த பெசன்ட் நகர் மின்மயானத்துக்கு நடந்தும் ஆட்டோவிலுமாகப் போய்ச் சேர்ந்தாள்.

பொன்ராஜின் தம்பிமாரும் அவர்கள் மனைவிமாரும் வெள்ளச் செய்தி கேட்டுத் தூத்துக்குடியிலிருந்து இரவெல்லாம் காரில் வந்திருந்தார்கள். மூலையில் நின்ற அவளைப் பார்த்து, ஒரு தம்பி மனைவி பொன்ராஜிடம் குனிந்து, யார் என்று கேட்டாள்.

வீல்சேரில் இருந்த பொன்ராஜ் நிமிர்ந்து கிளாடிஸைப் பார்த்தார். அந்தப் பார்வை என்ன சொல்லப்போகிறது என்று அவளால் கணிக்க முடியவில்லை.

"ஸ்வர்ணம் கூடப் போனவுக" என்றார் அவர். "முன்னால வரச் சொல்லு."