கண்ணாடியை உடைத்தது யார்?

குன்றின் உச்சியிலிருக்கும் தேவாலயமும் அதன் கோபுரமும் சேரும் இடத்தில், பூச்சில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல். திங்கட்கிழமை வந்த இன்ஜினியரம்மா அதன் குறுக்கே சிறிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டுப் போனார். கண்ணாடி வளையாது. சுவர் மயிரிழை நகர்ந்தாலும் உடைந்துவிடும். உடைந்தால் தேவாலயத்தைப் பூட்டிவிடுவார்கள். சனிக்கிழமை அங்கேதான் என் அக்கா மகளுக்குக் கல்யாணம்.

வியாழன் காலை கண்ணாடி இரண்டாகிக் கிடந்தது.

"போச்சு, எல்லாம் போச்சு!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார் அத்தான். பெண்ணின் அப்பா அவர். அங்கே மணியடிப்பவரும் அவரே.

நான் கொத்தனார். சும்மா இருக்க முடியுமா? சிமென்ட் பூச்சைக் கொஞ்சம் கொத்திவிட்டு உள்ளே டார்ச் அடித்தேன். தேவாலயச் சுவரில் பழைய சுண்ணாம்பு வெள்ளை, அதன்மேல் மழைக்கறை. மழை பட்டிருந்தால் அது ஒருகாலத்தில் வெளிச்சுவர். கோபுரம் பிறகுதான் வந்து பக்கத்தில் நின்றிருக்கிறது. ஒன்றின் கல் இன்னொன்றில் கோக்கப்படவே இல்லை.

"இது விரிசல் இல்லைங்க, வேணும்னே விட்ட இடைவெளி," என்றேன், தகவல் கேட்டு வந்த இன்ஜினியரம்மாவிடம். "மணி ஆடினா கோபுரமும் துளி ஆடும். அது சர்ச் சுவரை இழுக்கக் கூடாதுன்னு தனியா கட்டியிருக்காங்க. பின்னால யாரோ சிமென்ட் பூசி மூடிட்டாங்க."

"தினமும்தானே மணி அடிக்கிறீங்க? நேத்து வரைக்கும் ஏன் உடையல?"

"தினமும் மணியைச் சுத்தியலால தட்டுறதோட சரி. கல்யாணத்துக்குத்தான் மணியையே ஊஞ்சல் மாதிரி ஆட்டுவோம்," என்றேன்.

"நேத்து ஏது கல்யாணம்?"

அத்தான் கூரையைப் பார்த்தார்.

"அத்தான்?"

"பழகிப் பார்த்தேன்பா. ஆட்டி ரெண்டு வருஷமாச்சு... சத்தம் வரக் கூடாதுன்னு மணியோட நாக்குல துணி சுத்திட்டேன்."

"எவ்வளவு நேரம்?"

"முக்கால் மணி நேரம் இருக்கும்."

"அப்பா!" என்றாள் மகள். "எனக்கு நீங்களே ஆப்பு வெச்சுட்டீங்களே!"

இன்ஜினியரம்மா சிரிக்கவில்லை. புதுக் கண்ணாடி ஒட்டி, மணியைத் தொடக் கூடாது என்றார். வெள்ளி காலை அது முழுசாக இருந்தது. "இப்ப ஆட்டுங்க," என்றார். நாலாவது ஆட்டத்தில், டக்!

"மணி ஆடினாத்தான் உடையுது, சுவர் தானா நகரல. பூட்ட வேண்டாம்," என்றார். " சாயங்காலத்துக்குள்ள அந்தச் சிமென்டைச் சுரண்டி எடுங்க."

சனிக்கிழமை, துணியில்லாத மணி குன்றே அதிர ஆடியது. படம் எடுக்க எல்லோரும் வாசலில் வரிசையாக நின்றோம்.

"மாமா, இன்ஜினியரம்மா எங்கே?" என்றாள் மணப்பெண்.

அவர் சுவரோரம் குந்தியிருந்தார், இடைவெளிக்குள் சுண்டுவிரலை விட்டுக்கொண்டு.

"ஆடுது! நெஜமாவே ஆடுது!"