கல்லறைக்குப் போன ஓ.டி.பி.

செத்தவன் சட்டைப்பையைத் துழாவக் கூடாது. ஓடைப்பட்டிக்குத் தெற்கே இருக்கும் அந்த வேதக்காரர் ஊரில் பத்துக் கட்டளைக்கு அடுத்து இதுதான் பதினொன்றாவது. துழாவினால் பைக்குள் இருக்கும் கடன் துழாவியவன் தலையில் ஏறிவிடும். முன்னொரு காலத்தில் ஒருவன் தகப்பன் பையில் கைவிட்டான். அரைக்கட்டு பீடியும் ஒரு பலசரக்குக்கடைச் சீட்டும் வந்தன. பீடியை அன்றே குடித்து முடித்தான். சீட்டை முடிக்கப் பதினாறு வருஷம் ஆயிற்று. அதிலிருந்து, செத்தவனின் பழைய சட்டைப்பையில் இருப்பதை அவனுக்குப் போடும் புதுச் சட்டைப்பைக்கு மைத்துனன் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவது வழக்கம். பெட்டிக்கு ஆணி அடித்த சத்தம் கேட்ட பிறகுதான் கண்ணைத் திறக்கலாம்.

திராட்சைத் தோட்டத்துப் பங்கிராஸ் மாரடைப்பில் போனபோதும் அப்படியே செய்தார்கள். மண் தள்ளும்போது குழிக்குள் மணி அடித்தது. கோயில் மணி என்று எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கோயில் மணி சினிமாப் பாட்டில் அடிக்காது என்பது அங்கிருந்த நூற்றைம்பது பேருக்கும் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பங்கிராஸின் பட்டன் போன் அவர் நெஞ்சின்மேல் ஒளிவிட்டுக்கொண்டே உள்ளே போயிற்று.

அவர் மனைவி மதலேனாள் அந்த எண்ணுக்கு அதன்பின் ஒருமுறைகூடப் போடவில்லை. எடுக்காவிட்டால் அழுகை வரும். எடுத்துவிட்டால் என்ன வருமென்று அவளுக்குத் தெரியவில்லை.

நாலு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் விஜய்பாண்டி வந்தான். திராட்சைப் பந்தலுக்குக் கல்தூணும் கம்பியும் மாற்றப் பங்கிராஸ் இரண்டு லட்சம் வாங்கியிருந்த தேனி ஃபைனான்ஸின் வசூல்காரன். வண்டியை வாசலில் போட்டுவிட்டு, சொந்தக்காரன் மாதிரிச் சிரித்தான்.

"அக்கா, அண்ணன் எங்க? தோட்டத்துக்கா?"

"அவுக எறந்து நாலு மாசமாச்சு தம்பி."

விஜய்பாண்டி கோபப்படவில்லை. அவன் தொழிலில் அது தினமும் கேட்கிற சொல். "இந்த மாசம் மட்டும் பதினோரு பேரு செத்துட்டாகக்கா. அதுல ரெண்டு பேரு, தான் செத்ததை அவுகளே கதவைத் தொறந்து சொன்னாக."

"கல்லறைக்கு வா, காட்டுறேன்."

"எதுக்குக்கா? நேத்துச் சாயங்காலம் கூட அண்ணன் எங்கிட்ட முக்கா மணி நேரம் பேசுனாரு. வியாழக்கிழமை விடியக்காலையில ஏலத்தோட்டத்துச் சேமநிதி தொண்ணூத்தெட்டாயிரம் கணக்குல விழுதாம். போன மூணு மாசம் மாதிரியே ஓ.டி.பி. சொல்றேன், எடுத்துக்கடான்னாரு. நன்றி சொல்லிட்டுப் போகலாம்னுதேன் வந்தேன்."

மதலேனாளுக்கு நடு முதுகில் யாரோ ஈரக்கையை வைத்தது போலிருந்தது. மலைக்கு மேலே, கேரளத்து ஏலத்தோட்டத்தில் பதினோரு வருஷம் அவள் காய் எடுத்த கூலியில் பிடித்துவைத்திருந்த காசு அது. மகள் அனிதா மேரி மதுரையில் நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் ஃபீஸ் கட்டாவிட்டால் பரீட்சைக்கு உட்கார முடியாது. அந்தக் காசு வருவதைப் பற்றி மதலேனாள் மகளைத் தவிர யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

புதன்கிழமை பேங்க் திறக்கும்போது முதல் ஆளாக நின்றாள். பாஸ்புக்கில் பதிந்து பார்த்தால், ஐந்தாம் தேதி தவறாமல் ஃபைனான்ஸுக்குப் போயிருந்தது ஆறாயிரம், ஆறாயிரம், ஆறாயிரம். கடன் வாங்கும்போது கார்டை முன்னும் பின்னும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார் மனுசன்.

அதிகாரி அருள்செல்வி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "ஓ.டி.பி.யை யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சுவரெல்லாம் ஒட்டியிருக்கோமேம்மா."

"நான் சொல்லலம்மா. அவுக சொல்லியிருக்காக."

"அவர் எங்க?"

"கல்லறையில."

"எந்த ஊருக் கல்லறையில?" என்று கேட்டாள் அருள்செல்வி, அங்கேயும் ஒரு கிளை இருக்கிறதா என்று பார்ப்பவள் போல. பிறகுதான் புரிந்தது. பேனாவைக் கீழே வைத்தாள். "நாலு மாசமா ஏன் சொல்லலை?"

"செத்ததைச் சொன்னா கணக்கை முடக்கிருவாகன்னு ஊருல சொன்னாக."

"உசுரோட இருந்தவரைக்கும் கணக்கு அவருக்கும் உங்களுக்கும் பொது. அவருக்கப்புறம் உங்களுக்குத்தான். சான்றிதழைக் குடுத்தா அவர் பேரை எடுத்துருவோம். அவர் கடன் பத்திரத்துல நீங்க கையெழுத்துப் போட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப உங்க சேமநிதியைத் தொட அவங்களுக்கு உரிமை கிடையாது. அவர் விட்டுட்டுப்போன சொத்துல பாக்கி இருந்தா எழுத்துல கேக்கட்டும், எழுத்துல பதில் சொல்லுங்க." கார்டை அங்கேயே நிறுத்தினாள். ஆனால் முகம் தெளியவில்லை. "கார்டு போனா ஆட்டோ டெபிட்டுன்னு வேற வழியில வருவாங்க. அதுக்கும் ஓ.டி.பி. அவர் நம்பருக்குத்தான் போகும், காசு வர்ற செய்தியும் அதுக்குத்தான். எலிவளை மாதிரிம்மா, ஒண்ணை அடைச்சா இன்னொண்ணு. கணக்கையே முடக்கினா நீங்களும் வெள்ளிக்கிழமை எடுக்க முடியாது. பேரை மாத்த மூணு நாள் ஆகும். காசு நாளைக்கு விடியறதுக்குள்ள விழும். நான் பத்து மணிக்குத்தான் கதவைத் திறப்பேன்."

"அப்ப?"

"அந்த நம்பரை அவர்கிட்டருந்து வாங்கிருங்க."

ரெக்ஸின் போன் கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்தது. இறப்புச் சான்றிதழையும் மதலேனாளின் ஆதாரையும் பார்த்துவிட்டு, எண்ணை அவள் பேருக்கு மாற்றிப் புது சிம் போடலாம் என்றான். "ரேகை வச்சா அரை மணி நேரத்துல புதுசு உசுரு பிடிக்கும் சித்தி. அந்த நிமிஷமே பழசு அணைஞ்சிரும். அதுக்கப்புறம் ஒரு நாள் முழுக்க எந்த ஓ.டி.பி.யும் யாருக்கும் வராது. திருட்டுக்குப் பயந்து அப்படி வச்சிருக்காங்க. பழைய சிம் எங்க இருக்கு?"

"அவுக பையில."

ரெக்ஸ் தலையாட்டினான். அந்த ஊர்க்காரனுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. ரேகைப் பெட்டியைத் துடைத்து முன்னால் நகர்த்தினான்.

மதலேனாள் கட்டைவிரலை நீட்டிவிட்டு மடக்கிக்கொண்டாள். "ஒரு நிமிசம்" என்று கடைக்குப் பக்கவாட்டில், தண்ணீர் கேன் அடுக்கியிருந்த சந்துக்குள் போனாள். நாலு மாதமாகப் போடாத எண்ணைப் போட்டாள். மூன்றாவது மணியில் எடுத்தார்.

"சொல்லு மதலேனா."

குரலில் மண் இல்லை. கிணற்றுக்கு மறுகரையில் நின்று பேசுவதுபோல் இருந்தது, அவ்வளவுதான். வெயிலில் நின்றவளின் கைமயிர் எழுந்து நின்றது. ஆனால் வாய் பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது.

"என்னங்க, அந்த விஜய்பாண்டிப் பயகிட்ட நம்பரைச் சொன்னீகளா?"

"கேட்டான், சொன்னேன். பாவம்டி. மாசக் கடைசியில டார்கெட்டு முடியலேன்னா மேல இருக்கிறவன் கேவலமாப் பேசுறானாம்."

"அது பாப்பா ஃபீஸுங்க!"

"தெரியும். ஆனா வாக்குக் குடுத்துட்டேன். வாங்குன கடனை வச்சுக்கிட்டுப் படுத்தா இங்கன தூக்கம் வரமாட்டேங்குது. இடது பக்கத்துல ஒரு கல்லு வேற குத்துது."

"நீங்க வாங்குனதுக்குத் தோட்டம் இருக்கு. அதுல கேக்கட்டும். எங்காசுல ஏன் அடைக்கிறீக? அவன் வச்ச கண்ணிங்க அது."

"இருக்கலாம்." போனுக்குள் வேர் நகர்கிற மாதிரி ஏதோ கரகரத்தது. "காலையில ஒருக்கா, சாயந்திரம் ஒருக்கா, தவறாமக் கூப்பிடுறான் மதலேனா. ஞாயித்துக்கிழமைகூட விடுறதில்ல. 'அண்ணே, எப்படி இருக்கீங்க'ன்னுதேன் ஆரம்பிப்பான். அவன் தொழிலுக்குக் கேக்குறான்னு எனக்குத் தெரியாதா? இருந்தாலும் கேக்குறானே. நீங்க எல்லாரும் பூசைக்குக் காசு குடுத்தீக, மெழுகுவத்தி வச்சீக, அழுதீக. ஒருத்தராச்சும் கூப்பிட்டீகளா?"

மதலேனாள் தண்ணீர் கேனைப் பிடித்துக்கொண்டாள். சந்துக்கு வெளியே சின்னமனூர் பஸ் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது.

"நாளைக்கும் அவன் கேப்பான். நானும் சொல்லிருவேன்" என்றார் பங்கிராஸ், வருத்தத்தோடு. "எனக்குப் பொய் பேச வராது. உயிரோட இருந்தப்பவே வரல. இப்ப எங்கருந்து வரும்?"

அது உண்மை. கல்யாணப் பேச்சில் தன் பல்வலியைக்கூட மறைக்காத மனிதர்.

"சரி" என்றாள் மதலேனாள். "போனை வைக்காதீக. பந்தல்ல இந்தத் தடவை காய் சின்னதா விழுது. என்ன செய்யணும்னு சொல்லுங்க."

"கொத்தைக் கிள்ளாம விட்டுட்டியா? கொடிக்கு எத்தனை கொத்து?" அவர் குரலில் தெம்பு வந்துவிட்டது. "மொதல்ல மேல்வரிசையில..."

அவர் பேசப் பேச, போனைக் காதிலிருந்து எடுக்காமலே கடைக்குள் நடந்தாள். கட்டைவிரலைப் பெட்டியின்மேல் வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. ரெக்ஸ் மணியைப் பார்த்துக்கொண்டான்.

பங்கிராஸ் கொடியைக் கவாத்து வெட்டுவது பற்றிப் பேசினார். சாம்பல் நோய்க்கு மருந்து எந்த நேரத்தில் அடிக்க வேண்டும் என்றார். மோட்டார் பெட்டியின் சாவி உத்திரத்தில் இருக்கிறது என்றார். மதலேனாள் ம், ம் என்றாள். இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அவர் பேச்சை இவ்வளவு நேரம் குறுக்கே விழாமல் அவள் கேட்டதேயில்லை. அதில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"நீ என்னடி, சண்டை போடாமக் கேட்டுக்கிட்டே இருக்க? ஏதாவது செஞ்சு..."

அதோடு லைன் அறுந்தது. ரெக்ஸ் புது சிம்மை அவள் போனில் இரண்டாவது குழிக்குள் தள்ளி மூடினான். "ஆயிருச்சு சித்தி. நூத்தம்பது ரூபா."

வியாழக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு விஜய்பாண்டி கூப்பிட்டான். போன் மதலேனாளின் கையில் பாடிற்று.

"அண்ணே, காசு விழுந்திருச்சுண்ணே. நம்பரைச் சொல்லுங்க."

"நம்பர் வராது. இனிமே இந்த போன் என்னோடது."

"அக்காவா? அக்கா, அண்ணன்கிட்டக் குடுங்க. அவரு வாக்குக் குடுத்திருக்காரு."

"அவுக சொத்துல பாக்கி இருந்தா எழுத்துல கேளு. எழுத்துல பதில் சொல்றேன். எட்டு மணிக்கு முன்ன வசூலுக்குக் கூப்பிடக் கூடாதாம், அதையும் எழுதுறேன்."

"சரிக்கா. எழுதிக்கங்க. ஆனா ஒரே ஒரு தடவை அண்ணன்கிட்டக் குடுங்க. காசைப் பத்திப் பேசல. இந்த வேலையில என்னையத் திட்டாமப் பேசுன ஒரே ஆளு அவருதேன்."

"அதேன் சொன்னேனே தம்பி. அவுக எறந்துட்டாக."

இந்தத் தடவை அவன் சிரிக்கவில்லை. நாலு மாதமாக யாருடன் பேசிக்கொண்டிருந்தோம் என்று கணக்குப் போட்டிருப்பான் போல. அன்றோடு வசூல் வேலையை விட்டுவிட்டு ஆண்டிபட்டியில் கோழிக்கடை வைத்தான். போன் மணி அடித்தால் கத்தியைக் கீழே போட்டுவிடுவான் என்று சொல்கிறார்கள்.

பத்து மணிக்கு மதலேனாள் பேங்கில் சீட்டு எழுதினாள். மறுநாள் மதுரையில் ஃபீஸ் கட்டி, ரசீதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம் நாலு மணி. வாசலில் ஆம்புலன்ஸ் நின்றது. ஊரே கூடியிருந்தது.

"நோயாளி யாரும்மா?" என்றான் டிரைவர். "உங்க ஊர்க் கல்லறையிலருந்து நேத்திலேருந்து ஒம்பது தடவை கூப்பிட்டுட்டாரு ஒரு பெரியவரு. சிம் செத்த போனு. அதுல அவசர நம்பர் மட்டுந்தேன் போகும். போய்ப் பார்த்தா அங்கன ஒரு ஈ காக்காயைக் காணோம்."

"என்ன வேணும்னாக?"

டிரைவருக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. "மதலேனா வீட்டுல போயி, மகளுக்கு ஃபீஸு கட்டியாச்சான்னு கேட்டுச் சொல்லுங்கன்னாரு. உசுருக்கு ஆபத்து எதுவும் இல்லையேய்யான்னு கேட்டேன். அதெல்லாம் நாலு மாசத்துக்கு முந்தியே முடிஞ்சதுன்னுட்டாரு. திருப்பிச் சொல்லலாம்னா நம்பரே விழல."

மதலேனாள் பையை இறுக்கிக்கொண்டாள். "என்னைய அங்கன எறக்கி விடுவீகளா? வழிதானே."

கல்லறை வாசலில் ஆம்புலன்ஸிலிருந்து தன் காலால் இறங்கிய முதல் ஆள் அவள்தான். டிரைவர் வண்டியை அணைக்காமல் காத்திருந்தான். அவள் பங்கிராஸின் மண்மேட்டருகே குந்தி உட்கார்ந்து, ரசீதை விரித்து, கல்லூரிப் பேரிலிருந்து கீழே இருந்த முத்திரை வரை, எழுபத்தெட்டாயிரத்து ஐந்நூறு என்பதை இரண்டு தடவை, சத்தமாக வாசித்தாள். வாசித்துவிட்டுக் காத்திருந்தாள். மண்ணுக்குள்ளிருந்து ஒன்றும் வரவில்லை.

அப்புறம் மண்மேட்டின் இடது பக்கம் போய், கையால் தோண்டத் தொடங்கினாள். முழங்கை அளவு ஆழத்தில் அவரைக் குத்திக்கொண்டிருந்த அந்தக் கல் கிடைத்தது.