முந்தானையில் முடிந்த பொடி

ஜவ்வாது மலையில் ரோடு போடுகிற வேலை. ஜல்லிக் கூடையைத் தலையில் ஏற்றிய மாணிக்கம்மாள் இரண்டடி வைத்தாள், அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டாள். தார் அடுப்பில் விறகு தள்ளிக்கொண்டிருந்த அவள் புருஷன் வடிவேலு ஓடி வந்தான்.

"இன்னாடி, தடுக்கிச்சா?"

"இல்ல மாமா. காலு இருக்குதான்னே தெரில."

பூச்சி கீச்சி கடித்ததோ என்று பாதத்தைத் திருப்பிப் பார்த்தான். ஒன்றுமில்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்தால் ஆகாதென்று, ஜல்லி இறக்க வந்த லாரியிலேயே அவளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போளூருக்கு இறங்கினான்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயரை ஒட்டிப் பார்த்த டாக்டரம்மாவுக்கு முகம் மாறிப்போனது. ரத்தம் எடுத்துப் பார்த்த பிறகு கேட்டார்.

"என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?"

"பிரஷர் மாத்திரைங்க. நீர் நல்லா பிரியும்னு குடுத்தாங்க."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லீங்க."

மாணிக்கம்மாள் கண்ணைத் திறக்காமல், "பொடி" என்றாள்.

வடிவேலுவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "அது நெலாவாரைப் பொடிங்க. வயித்த கழுவுறது. பச்சிலதாங்க, மருந்தில்ல."

ரோட்டு வேலையில் பொம்பளைகள் ஒதுங்க இடம் கிடையாது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் வண்டிகள். படுக்கப்போகும்போது பொடியைச் சுடுதண்ணீரில் கலக்கிக் குடித்தால் விடியுமுன் புதர் மறைவில் எல்லாம் முடிந்துவிடும், பகலெல்லாம் தொல்லையில்லை. கூட வேலை செய்யும் மங்கம்மாள் தினமும் குடிப்பாள்; அவள் காட்டிய வழி. முதலில் சிட்டிகை போதுமாயிருந்தது. குடல் பழகப் பழகக் கரண்டியானது. போளூர்க் கடையில் இலை வாங்கி, இடித்துச் சலித்துக் கொடுத்தது வடிவேலுதான்.

"மாத்திரை ஒரு பக்கம் உப்பை இறக்குது, தினம் பேதி இன்னொரு பக்கம் இறக்குது" என்றார் டாக்டரம்மா. "பொட்டாசியம்னு ஒரு உப்பு. அது இல்லன்னா கால் ஓடாது, இதயமும் ஓடாது. இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா நின்னே போயிருக்கும்."

வடிவேலு பொடி இடித்த கையைப் பார்த்தான். பச்சிலையா? பச்சிலையா இதைச் செய்தது?

மறுநாள் மாணிக்கம்மாள் கால்விரலை அசைத்தாள். மங்கம்மாள் பார்க்க வந்தாள். கட்டிலோரம் உட்கார்ந்து, சுற்றும்முற்றும் பார்த்து, முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"ஆஸ்பத்திரி சோறு வயித்த கட்டிடும்டி. இந்தா, உனக்குன்னு கொண்டாந்தேன்."

வடிவேலு அதைத் தட்டிவிட்டான். பொடி தரையெல்லாம் சிதறியது.

"இன்னா வடிவேலு, கிறுக்கு புடிச்சிச்சா? பச்சிலைய குடிச்சி எவடா செத்தா?"

"யக்கா, நீயும் பிரஷர் மாத்திரதான சாப்புட்ற?"

"ஆமா, இவளுக்கு குடுத்த அதேதான். ஏன்?"

அவன் பதில் சொல்லுமுன் மங்கம்மாள் பொடியைக் கூட்டியள்ள எழப்போனாள். எழ முடியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நாலு நாளா இந்த எழவு காலு மதமதங்குது…"

"சிஸ்டர்!" வடிவேலு போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது.