மகேசன் வீட்டு விஸ்கிக்கு ஐம்பது வயது

ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட்டில் மகேசன் வீட்டுக் கண்ணாடி அலுமாரிக்குள் மூடி திறக்காமல் இருந்த விஸ்கிப் போத்தல், 2014 ஐப்பசியில் முதல் தடவை இருமியது. அப்போது அதற்கு நாற்பது வயது என்றார் மகேசன். இருபது வருடம் மரப்பீப்பாயில் கிடந்த அந்த ஸ்கொட்ச் சிங்கிள் மோல்ட்டை, மகள் ராகவி பிறந்த அன்று, அவள் கலியாணத்தில் திறப்பதற்கென்று வாங்கியவர் அவர். அதன்பிறகு மகளின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் லேபிளில் இருந்த எண்ணை வெட்டி, ஒன்று கூட்டி எழுதினார். பீப்பாயை விட்டு வெளியே வந்த விஸ்கிக்கு வயது ஏறாது என்பது ஒஸ்லோவில் குடிக்காதவர்களுக்கும் தெரியும். மகேசனுக்கு மட்டும் யார் சொல்லியும் மண்டையில் ஏறவில்லை. கடைசியில் விஸ்கிதான் இறங்கி வந்தது. மரம் இல்லாதபடியால் மனிதரைப் போல வயது போகத் தொடங்கியது. 2017இல் குறட்டை விட்டது. 2019 பனிக்காலத்தில் நடுங்கியபடியால் மகேசனின் மனைவி புஷ்பராணி அதற்கு ஒரு கம்பளித் தொப்பி பின்னிப் போட்டார்.

மாதம் ஒரு சனிக்கிழமை மதியம் மகேசன் வீட்டில் விஸ்கி சுவைக்கும் கூட்டம் நடக்கும். கூட்டாளிகள் வரதராசாவும் அருட்செல்வமும் வருவார்கள். வேறொரு முப்பது வருடப் போத்தலைத் திறந்து, கிளாசுக்குள் மூக்கை விட்டு, தோல் மணக்கிறது, பழைய புத்தகம் மணக்கிறது என்று இணையத்தில் பாடமாக்கியதை ஒப்புவிப்பார்கள். பிறகு குறொன்லாண்ட் கடையில் வாங்கிய மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டிய ஆட்டிறைச்சிப் பிரட்டலை வாயில் போட்டுக்கொண்டு, மிச்சத்தைக் கோலாவில் கலந்து குடிப்பார்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? மண்ணெண்ணெய் ஊற்றிக் கொடுத்திருந்தாலும் அதிலும் பழைய புத்தகம் மணந்திருக்கும்.

இருபத்தாறு வயதில் ராகவி, சயூரனைக் கட்டப்போவதாகச் சொன்னாள்.

"விஸ்கிக்கு அம்பது ஆகாமல் திறக்கேலாது. திறக்காமல் கலியாணமும் இல்லை," என்றார் மகேசன்.

"அப்ப நானும் அதோடை சேர்ந்து கிழவியாகிறதோ, அப்பா?"

"நாலு வருசம்தானே."

ஒரு போத்தலுக்காகப் பெற்ற பிள்ளையைக் காக்க வைத்த இந்த மனிதரைத்தான் கூட்டாளிகள் ரசனைக்காரர் என்று புகழ்ந்தார்கள். ராகவி நாலு வருடம் பொறுத்தாள். முப்பதாவது பிறந்தநாளுக்கு மண்டபமும், அதே நாளில் நகரமண்டபத்தில் பதிவும் ஒழுங்கு செய்தாள்.

அதற்கு எட்டு நாள் இருக்க, இருமல் நின்றது. போத்தலுக்குள் விஸ்கி தண்ணீராக வெளுத்துக் கிடந்தது. முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் அருட்செல்வம் தொட்டுப் பார்த்துவிட்டு, "முடிஞ்சுது," என்றார். வீட்டுக்கு மூத்த பிள்ளை என்று மகேசனே முப்பது வருடம் சொல்லித் திரிந்த பொருள் ஆகையால், செத்த வீட்டுத் துடக்கு, அதாவது தீட்டு, வந்துவிட்டது. ஐயர் முப்பத்தொரு நாளுக்கு வரமாட்டேன் என்றார். மகேசன் கலியாணத்தை ஒரு வருடம் தள்ளிப்போடச் சொன்னார்.

"நீங்கள் எட்டுச் செலவைச் செய்யுங்கோ அப்பா. நான் கலியாணத்தைச் செய்யிறன்," என்றாள் ராகவி.

எட்டாம் நாள், செத்தவருக்கு விருப்பமானதைப் படைப்பது முறை. மகேசன் வாழையிலையை விரித்துவிட்டு, இதற்கு என்ன விருப்பம் என்று கேட்டார். தோலும் புத்தகமும் மணந்து பிடித்த வரதராசாவுக்கும் தெரியவில்லை.

புஷ்பராணி பட்டுச்சேலையோடு வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "ஒரு நாளும் வாயிலை வைச்சுப் பாக்காததின்ரை விருப்பம் ஆருக்குத் தெரியும்? நான் பிள்ளையிட்டைப் போறன்," என்றார்.

மகள் கையெழுத்து வைத்த நேரத்தில் மகேசன் ஒரு டம்ளர் தண்ணீர் படைத்தார். அடுத்த வருடம் ஆட்டத்திவசத்துக்கும் கூட்டாளிகள் இருவரும் வந்து பிரட்டல் சாப்பிட்டுப் போனார்கள். தொப்பி போட்ட போத்தலின் படம் மாலையோடு சுவரில் தொங்குகிறது. பக்கத்தில் ராகவியின் கலியாணப் படம். அதில் மகேசன் இல்லை.